கேள்வி – பதில்: ஹென்றி ஃபோர்டு தோற்ற தேர்தல்

கேள்வி: கார் உற்பத்தியில் உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஃபோர்டு, முதல் உலகப் போரின்போது அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றாராமே? அத்தனை செல்வாக்குள்ளவர் எப்படித் தோற்றார்?

பதில்: 1918-இல் மிச்சிகன் மாநில செனட்டர் வில்லியம் ஆல்டன் ஸ்மித் மீண்டும் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொள்ளவே, அந்த இடத்துக்கு நிற்கும்படி ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அதிபர் வுட்ரோ வில்சனே ஃபோர்டைக் கேட்டுக்கொண்டார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் இரு கட்சிகளிலுமே ஃபோர்டின் பெயர் இடம்பெற்றது. ஜனநாயகக் கட்சியில் எளிதாக வென்றார். குடியரசுக் கட்சியில், முன்னாள் கடற்படைத் துறைச் செயலர் ட்ரூமன் நியூபெரியிடம் தோற்றார். ஆகவே நவம்பரிலும் அதே இருவரே மோதினர். ஃபோர்டு மேடை ஏறவில்லை, பணமும் செலவழிக்கவில்லை. பெயரே போதும் என்று நினைத்தார் போலும்!

ஆனால் அது போர்க்காலம். 1915-இல் சமாதானத் தூதுக் கப்பல் ஒன்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர் அவர் என்பதை எதிர்த்தரப்பு மறக்கவில்லை. அதைவிட ஆழமாகத் தைத்தது மகன் விவகாரம். இருபத்து நான்கு வயது எட்செல், போர்த் தளவாட உற்பத்திக்கு இன்றியமையாதவர் என்ற காரணத்தால் ராணுவத்துக்குப் போகாமல் தந்தையின் தொழிற்சாலையிலேயே இருந்தார். நியூபெரியோ கடற்படைச் சீருடையில் நியூயார்க்கில் பணியாற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த பெற்றோரிடம் இந்த ஒப்பீடு எடுபடாமல் இருக்குமா? நவம்பர் 5 அன்று நடந்த வாக்குப்பதிவில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ நான்காயிரம் வித்தியாசத்தில் ஃபோர்டு தோற்றார். ஆறே நாளில் போர் நின்றது.

கேள்வி: அந்த ஓர் இடம் அவ்வளவு முக்கியமா?

பதில்: புதிய செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 49, ஜனநாயகக் கட்சிக்கு 47. ஃபோர்டு வென்றிருந்தால் சரிபாதியாகி, சமநிலையை முறிக்கும் துணை அதிபரின் வாக்கு வில்சன் பக்கம் விழுந்திருக்கும். செனட்டின் வெளியுறவுக் குழுவின் தலைமை, வில்சனின் கடும் எதிரியான ஹென்றி கேபட் லாட்ஜுக்குப் போயிருக்காது. அதற்காக, ஜெர்மனியுடனான போரை முடித்துவைக்கும் வெர்சாய் ஒப்பந்தம் செனட்டில் தோற்றதற்கே மிச்சிகன்தான் காரணம் என்பது மிகை. ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன; ஓர் இடம் மட்டும் அதற்குப் போதாது.

கேள்வி: வென்றவர் மீது வழக்கு நடந்ததா?

பதில்: நடந்தது. சட்டம் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றிருக்க, நியூபெரி தரப்பு பிரைமரிக்குச் செலவிட்டது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. 1920-இல் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது; 1921-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. பிரைமரியைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பதே நீதிபதிகள் பலர் சொன்ன காரணம். 1922 ஜனவரியில் செனட், செலவைக் கண்டித்துக்கொண்டே 46-க்கு 41 என்ற கணக்கில் அவரது பதவியை உறுதிசெய்தது. இந்த இரட்டை நிலைப்பாட்டை வாக்காளர்கள் ரசிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே நியூபெரி பதவி விலகினார். அவரது இடத்தில் நியமிக்கப்பட்டவர் ஜேம்ஸ் கூசன்ஸ், ஃபோர்டு நிறுவனத்தின் பழைய பங்குதாரர். பிரைமரிகளும் நாடாளுமன்றச் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 1941-இல்தான்.