44 மக்னம்: பழையதா, பலமானதா?

கேள்வி: ரெக்சாஸில் இருக்கும் மைத்துனர் 44 மக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும் ரிவோல்வர் வாங்கப் போகிறாராம். பழைய ஸ்மித் அன்ட் வெசன் 29 நல்லதா, ருகர் ரெட்ஹோக்கா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: சேர்த்துவைக்க 29, நிறையச் சுட ரெட்ஹோக்.

1980களின் தொடக்கம் வரை வந்த 29களில் குழலைக் குறுக்கு ஊசி பிடித்திருக்கும். தோட்டாக்கள் நிற்கும் சுழல் உருளைக்குள் அவற்றின் விளிம்பு பதிந்து உட்காரும். விலை ஏறுவது இதற்குத்தான். துப்பாக்கியோடு வந்த மரப்பெட்டியும் இருந்தால் இன்னும் கேட்பார்கள். துருப்பிடிக்காமல் இரும்புக்கு ஏற்றும் நீலப்பூச்சை மறுபடி பூசியது என்றால், எவ்வளவு மினுங்கினாலும், விலை விழுந்துவிடும்.

29இன் விசை வழுக்கிக்கொண்டு போகும். 1979இல் வந்த ரெட்ஹோக்கில் சுத்தியலுக்கும் விசைக்கும் ஒரே சுருள்வில். இழுக்கக் கொஞ்சம் கடினம். ஆனால் உடம்பு தடிப்பு. வலுக்கூடிய தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் 29இன் உருளை முன்பின் ஆடத் தொடங்கும். ஆகவே வாங்கமுன், தோட்டா இல்லையென்று உறுதிசெய்து, உருளையை மூடி முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் வேண்டாம்.

உதைப்புக்குப் பயந்தால் 44 ஸ்பெஷல் என்ற மென்மையான தோட்டா போடலாம், இரண்டிலும் பொருந்தும். அது மக்னத்தைவிடக் கட்டை என்பதால் உருளையில் தோட்டா நிற்கும் துளைக்குள் கரிவளையம் படியும். பிறகு மக்னம் கோது சிக்கும். வெண்கலத் தூரிகையால் தேய்த்துவிட்டே மக்னம் போடவேண்டும்.