பதில்: ‘--டிரை-ரன் ஃபால்ஸ்’ கொடுத்தாலும் ட்ரூ என்றே வருகிறது
பைத்தான் ஸ்கிரிப்டுக்கு ‘--டிரை-ரன் ஃபால்ஸ்’ (டிரை-ரன் என்றால் எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டம்) கொடுத்தும் மதிப்பு ட்ரூ ஆகிறது என்கிறீர்கள். சிக்கல், கமாண்ட் லைனில் தருவதைப் படிக்கும் பைத்தான் மாட்யூலான ஆர்க்பார்ஸில் நீங்கள் எழுதிய ‘டைப்=பூல்’தான். கமாண்ட் லைனில் வருவதெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துகள். பூல் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காது. காலியா இல்லையா என்று மட்டும் பார்க்கும். ‘ஃபால்ஸ்’, ‘0’, ‘நோ’ எதுவுமே காலி இல்லை, அதனால் எல்லாம் ட்ரூ. இந்தப் பொறியில் விழாதவர் குறைவு.

‘டைப்’பை நீக்கிவிட்டு ‘ஆக்‌ஷன்="ஸ்டோர்_ட்ரூ"’ போடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் டைப்எரர் வரும். இனி ‘--டிரை-ரன்’ இருந்தால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ். டீஃபால்ட் (எதுவும் தராதபோது வரும் மதிப்பு) தனியாகத் தர வேண்டாம்.

ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் பழைய கிரான் வரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லையும் அழித்துவிடுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் கோப்புப் பெயரைப் பொசிஷனல் ஆர்க்யுமென்டாக (முன்னால் ‘--’ பெயர் இல்லாமல், இடத்தை வைத்தே அறியப்படுவது) வாங்கினால், அந்தச் சொல்லையே கோப்பு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

டீஃபால்ட் ட்ரூவாக இருந்து, தேவைப்படும்போது அணைக்க வேண்டுமா? பைத்தான் 3.9 முதல் ‘ஆக்‌ஷன்=ஆர்க்பார்ஸ்.பூலியன்ஆப்ஷனல்ஆக்‌ஷன்’ இருக்கிறது, இதற்கு மேற்கோள்குறி கூடாது. ‘--நோ-டிரை-ரன்’ தானாகவே கிடைத்துவிடும். பைத்தான் நிரலுக்குள் இந்த மதிப்பைப் படிக்கும்போது ஹைஃபனுக்குப் பதில் அண்டர்ஸ்கோர்: ‘ஆர்க்ஸ்.டிரை_ரன்’.