நுண்ணுயிர்களின் நன்மைகளைக் கல்லூரி மாணவர்கள் மனதில் பதியும்படி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா மாணவர்களுக்கு உயிரியல் எடுக்கிறேன். முதலில் ஒன்று, பென்சிலினில் ஆரம்பிக்காதீர்கள். 1928, ஃபிளெமிங், பூஞ்சை படிந்த தட்டு, இதையெல்லாம் இடைநிலைப்பள்ளியிலேயே கேட்டுச் சலித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

தோட்டத்தில் ஆரம்பியுங்கள். எங்கள் ஊரைச் சுற்றிச் செம்பனைதான் (பாமாயில் மரம்), அங்கங்கே மிச்சமிருக்கும் பால்மரம் (ரப்பர்). மறுநடவு செய்த இடத்தில் கன்றுகளுக்கு நடுவே தரையே தெரியாமல் ஒரு கொடி படர்ந்து கிடக்கும். அவரைக் குடும்பம், வேண்டுமென்றே விதைத்தது, ஆனால் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூட அதைக் களை என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டு ஒரு கொடியை மண்ணோடு தோண்டி வந்து வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினால், வேர் முழுக்க மிளகு ஒட்டியதுபோல் முடிச்சுகள். ஒன்றை பிளேடால் இரண்டாக வெட்டச் சொல்வேன். உள்ளே இளஞ்சிவப்பு. "டீச்சர், ரத்தமா இது?" என்று யாராவது கேட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம்தான் அது, லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாதான் அம்மோனியாவாக மாற்றிக் கொடுக்கிறது, அந்த வேலையைச் செய்யும் நொதியோ ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், அதனால் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து விடுவதற்காகத்தான் இந்தச் சிவப்பு. செடி பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் வீட்டுக்கு வாருங்கள். தோசை மாவு, தயிர், தெம்பே (புளிக்கவைத்த சோயா), தாப்பாய் (புளிக்கவைத்த அரிசி அல்லது மரவள்ளி) எல்லாம் அவர்களே சொல்வார்கள், அதில் நேரம் போக்க வேண்டாம். "யார் வீட்டு ஐஸ்பெட்டியில் இன்சுலின் இருக்கிறது?" என்று கேளுங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் கை தூக்குவார்கள், பெரும்பாலும் பாட்டிக்கு. முன்பு அதைப் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலினைத் தயாரித்தது ஈ.கோலை பாக்டீரியா, மனித மரபணுவை அதற்குள் வைத்து. இன்றைக்கும் ஈ.கோலையிலோ ஈஸ்ட்டிலோதான் தயாராகிறது. வயிற்றுப்போக்குக் கிருமி என்று மட்டும் கேள்விப்பட்ட பெயர், பாட்டியின் ஊசியில் வந்து நிற்கும்போது வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

ஒரு எச்சரிக்கை. நன்மையை மட்டும் பேசினால் சிலர் எல்லாப் பூஞ்சையும் நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை ஒரு மாணவி, பூஞ்சை பூத்த கச்சானை (நிலக்கடலை) கழுவி வறுத்துச் சாப்பிடலாமா என்று கேட்டாள். கூடாதம்மா, அதில் அஃப்லாடாக்சின் இருக்கலாம், ஈரலைக் கெடுக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுசாகப் போகாது, அப்படியே குப்பையில் போட்டுவிடு என்றேன். அதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.