லொறிக்கு முராபஹாவா, லீசிங்கா?

கம்பளைச் சகோதரருக்கு, நுவரெலியா மரக்கறியைத் தம்புள்ளைக்கு ஏற்ற ஒரு பழைய லொறி வாங்கப் போகிறீர்கள், இஸ்லாமிய வங்கியின் வட்டியில்லாத முராபஹா முறையில் தவணை பக்கத்து லீசிங் கம்பனியை விடக் கூட வருகிறது, "வட்டி இல்லை என்றால் ஏன் கூட?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

முராபஹாவில் வங்கி லொறியைத் தானே வாங்கி, இலாபம் வைத்து உங்களுக்கு விற்கிறது. கையெழுத்து வைத்த பிறகு ஒரு சதம்கூட ஏற்ற முடியாது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு நேரத்தில் வைப்பாளர்கள் கூடுதல் இலாபம் எதிர்பார்ப்பார்கள், பழைய முராபஹா வருமானமோ அசையாது. மிச்சக் காசை மற்ற வங்கிகள் மாதிரி திறைசேரி உண்டியலில் (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரம்) போடவும் வழியில்லை, அது வட்டி. இந்தப் பயமும் விலையில் ஏறுகிறது என்பது என் கணிப்பு.

சரி, கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள். முன்கூட்டியே கட்டி முடித்தால் கழிவு உண்டா? பொதுவாக அது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. தாமதக் கட்டணம் தர்மத்துக்குப் போகிறதா, அவர்களின் வருமானத்துக்கா? காசை உங்கள் கையில் தந்து "நீங்களே வாங்குங்கள்" என்றால், வங்கியின் முகவராக வாங்குவதாக எழுத்தில் இருக்கிறதா? இல்லாவிட்டால் அது பெயர் மாற்றிய கடன்தான். வங்கி லொறியை வாங்கி உங்களுக்கு வாடகைக்கு விடும் இஜாராவையும் விசாரியுங்கள், ஆனால் அதில் வாடகை இடையில் மாறலாம்.

எனக்கென்றால், வித்தியாசம் சின்னதாக இருந்தால் முராபஹா. மரக்கறி விலை ஆடுகிற ஆட்டத்துக்குத் தவணையாவது நிலையாக இருக்கட்டும்.