செம்பு அரசிகள்: சாம்பியா மகளிர் கால்பந்து அணி குறித்த கேள்வி பதில்

கார்த்திகா: இந்த அணியைச் சிலர் 'காப்பர் குவீன்ஸ்' என்கிறார்கள், சிலர் 'ஷிபோலோபோலோ' என்கிறார்கள். எது சரியான பெயர்?

இரண்டும் வழக்கில் உள்ளவையே. சாம்பியா செம்புச் சுரங்கங்களை நம்பி வாழும் நாடு. ஆகவே ஆடவர் அணிக்குச் செம்புத் தோட்டா என்ற பொருளில் 'சிபோலோபோலோ' என்று பெயர். அதன் முதல் எழுத்தை மாற்றி 'ஷி' (she) என்ற ஆங்கிலப் பெண்பாற் சொல்லைப் பொருத்தியதால் பிறந்ததுதான் 'ஷிபோலோபோலோ'.

இளங்கோ: 2023 உலகக் கோப்பையில் ஜப்பானிடமும் ஸ்பெயினிடமும் தலா 0-5 என்று தோற்ற அணியைப் பற்றிப் பேச அப்படி என்ன இருக்கிறது?

கடற்கரையே இல்லாத ஆப்பிரிக்க நாடுகளில் உலகக் கோப்பைக்கு முதலில் தகுதி பெற்றது இந்த அணிதான். ஆடவர் அணிகளையும் சேர்த்தே சொல்கிறேன். மூன்றாவது ஆட்டத்தையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். நியூசிலாந்தின் ஹாமில்டனில் கோஸ்டாரிக்காவுக்கு எதிராக மூன்றாவது நிமிடத்திலேயே கார்னரிலிருந்து கோல் அடித்தவர் லுஷோமோ ம்வீம்பா என்னும் தடுப்பாட்டக்காரர். பிறகு தலைவி பார்ப்ரா பண்டா பெனால்டியில் அடித்தது மகளிர் உலகக் கோப்பை வரலாற்றின் 1000ஆவது கோல். ஆட்டம் 3-1 என்று முடிந்தது. அத்தொடருக்குச் சில வாரங்கள் முன்புதான் ஜெர்மனியை அதன் மண்ணிலேயே, ஃபூர்த் நகரில், 3-2 என்று வீழ்த்தியிருந்தார்கள். வெற்றிக் கோல் விழுந்தது உபரி நேரத்தில்.

தமிழ்ச்செல்வன்: பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 5-2 என்று முந்தியிருந்தும் தோற்றது எப்படி? இன்னும் என் மனம் ஆறவில்லை.

எனக்கும் ஆறவில்லை. 2024 ஜூலை 28 அன்று நீஸ் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில், முதல் நிமிடத்திலேயே சாம்பியாவின் ரேச்சல் குண்டனாஞ்சி கோல் அடித்தார். இடைவேளைக்குள் பண்டா மூன்று அடித்துவிட்டார். ஆஸ்திரேலியத் தடுப்பாட்டக்காரர்கள் மேலேறி வரும்போதெல்லாம் அவர்கள் முதுகுக்குப் பின்னே விரியும் வெற்றிடத்தில் பந்தைப் போட்டுவிட்டு, இவ்விருவரின் வேகத்தை நம்புவது என்பதே சாம்பியாவின் திட்டம். ஒற்றைக்கு ஒற்றையாக ஓடிப் பண்டாவைப் பிடிக்கக்கூடியவர்கள் உலகில் சிலரே. 56ஆவது நிமிடத்தில் குண்டனாஞ்சி மீண்டும் அடிக்க, கணக்கு 5-2 ஆயிற்று.

அந்த நேரத்தில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வேகத்தைத் தணித்திருக்க வேண்டும். ஆனால் முன்வரிசைக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவே பந்தை நிறுத்தி வைக்க ஆளில்லாததால், விரட்டி அடித்த பந்து ஒவ்வொன்றும் அடுத்த கணமே எதிரணியிடமிருந்து திரும்பி வந்தது. இரண்டே நிமிடத்தில் சாம்பியாவின் வலையில் ஒரு சொந்தக் கோல் விழுந்தது. ஆஸ்திரேலியாவின் ஸ்டெஃப் கேட்லி இரண்டு அடித்தார். 90ஆவது நிமிடத்தில் மிஷெல் ஹேமன் அடித்ததும் 6-5 ஆகிவிட்டது. ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றில் ஐந்து கோல் அடித்தும் வெறுங்கையுடன் திரும்பினார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்திடம் 3-10 என்று தோற்றதும், சீனாவுடன் 4-4 என்று முடிந்ததும் இதே நோயின் அறிகுறிகள். அவ்விரண்டு ஆட்டங்களிலுமே பண்டா ஹாட்ரிக் அடித்தார் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மீனாட்சி: அப்படியானால் பண்டா இல்லாவிட்டால் இந்த அணி ஒன்றுமில்லை என்றுதானே பொருள்?

பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். 2022இல் மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை அதற்கு மாறான சான்று. தகுதி விதிகளின் காரணமாகப் பண்டா அத்தொடரில் ஆடவில்லை. ஆனாலும் ஆறு ஆட்டங்களில் சாம்பியா வாங்கிய கோல்கள் மூன்றே. கேமரூனுடன் 0-0 என்று சமன் செய்தார்கள், துனீசியாவை 1-0, டோகோவை 4-1 என்று வென்றார்கள், காலிறுதியில் செனகலைப் பெனால்டிகளில் வென்றார்கள், அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் உபரி நேரப் பெனால்டி ஒன்றால்தான் தோற்றார்கள், நைஜீரியாவை 1-0 என்று வென்று மூன்றாமிடம் பெற்றார்கள். எதிரணிகளின் தரம் ஒலிம்பிக்கைப் போன்றதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருப்பினும், முன்னால் மின்னல் இல்லை என்று தெரிந்ததும் பதினொருவரும் நெருங்கி நின்று ஆடினார்கள். பண்டா இருக்கும்போது மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள் என்பதே என் கணிப்பு. அது அவருடைய குற்றமன்று.

ரவிக்குமார்: குண்டனாஞ்சிக்குக் கிடைத்த தொகை உண்மையிலேயே உலக சாதனையா?

அப்போது, ஆம். 2024 பிப்ரவரியில் மாட்ரிட் சிஎஃப்எஃப் கழகத்திலிருந்து அமெரிக்காவின் பே எஃப்சி கழகத்துக்கு அவர் மாறியபோது, மகளிர் கால்பந்தில் அதுவரை எவருக்காகவும் தரப்படாத தொகை கழகங்களுக்கிடையே கைமாறியது. அடுத்த மாதமே பண்டா ஷாங்காயிலிருந்து ஓர்லாண்டோ பிரைடுக்குச் சென்றார். அந்த ஆண்டின் அமெரிக்க மகளிர் லீக் இறுதிப் போட்டியில் வாஷிங்டனுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையது.

இளங்கோ: மீண்டும் நான்தான். அதன் பிறகு தடுப்பு வரிசை திருந்தியதா?

2025இன் தொடக்கத்தில் நோரா ஹாய்ப்ட்லே என்ற சுவிட்சர்லாந்துப் பயிற்சியாளர் பொறுப்பேற்றார். அந்த ஜூலையில் மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் போட்டியை நடத்தும் அணியுடன் 2-2, செனகலுடன் 3-2, காங்கோ ஜனநாயகக் குடியரசுடன் 1-0 என்று மூன்றாவது ஆட்டத்தில் கோலே வாங்காமல் கணக்கு இறுகியதால், எனக்கும் நம்பிக்கை துளிர்த்தது. காலிறுதியில் நைஜீரியா ஐந்து அடித்தது. சாம்பியா ஒன்றும் அடிக்கவில்லை.