இங்கிலாந்து கிராமத் தேவாலயங்கள்: கதவைத் திறந்து உள்ளே போகலாமா?

கேள்வி: பர்மிங்காமில் வசிக்கும் இந்துக் குடும்பம் நாங்கள். விடுமுறை நாள்களில் கிராமங்களுக்குப் போகும்போது பழைய தேவாலயங்கள் கண்ணில் படுகின்றன. கதவு மூடியிருப்பதால் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். உள்ளே போக அனுமதி உண்டா? கட்டணம், காலணி, புகைப்படம் பற்றிய வழக்கங்கள் என்ன?

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் மதம் என்னவென்று யாரும் கேட்கமாட்டார்கள். பறவைகள் புகுந்து வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும் என்பதால் பகலிலும் கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள். கனத்த இரும்பு வளையத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தாழ் எழும்பும் சத்தம் கேட்டால் நன்றாகத் தள்ளுங்கள். உண்மையிலேயே பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று வாசல் அறிவிப்புப் பலகையில் பெரும்பாலும் எழுதியிருக்கும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கிராமத் தேவாலயங்களில் கட்டணம் கிடையாது. உண்டியலில் ஏதாவது போடுங்கள், கூரைச் செலவே அவர்களுக்குப் பெரும்பாடு. வெஸ்ட்மின்ஸ்டர் அபே, கேன்டர்பரி, யார்க் போன்ற பெரிய ஆலயங்களில் சுற்றிப்பார்க்க டிக்கெட் உண்டு, வழிபாட்டுக்கு வருபவர்களுக்கு இல்லை. பாடகர் குழு பாடும் மாலை வழிபாட்டில் ஒருமுறையாவது உட்காருங்கள். காலணியைக் கழற்ற வேண்டாம், சேறு இருந்தால் துடைத்துவிடுங்கள். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரபு. வழிபாடு நடக்காத நேரத்தில் பொதுவாகப் படம் எடுக்கலாம்.

உள்ளே போனதும் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் நாடு கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டன்ட் சமயத்துக்கு மாறியபோது, மன்னர் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், சுவர் ஓவியங்களைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள். அழிக்க நினைத்த அந்தப் பூச்சே பலவற்றைக் காப்பாற்றிவிட்டது. யார்க்‌ஷயரின் பிக்கரிங்கில் 1852இல் ஓவியங்கள் வெளிப்பட்டன. அன்றைய பாதிரியாருக்குப் பிடிக்காமல் மறுபடி வெள்ளையடிக்கப்பட்டு, பின்னர்தான் மீட்கப்பட்டன. வேல்ஸின் லன்கார்வனில் 2008 முதல் சுண்ணாம்பை நுணுக்கமாகச் சுரண்டியபோது, டிராகனோடு போரிடும் புனித ஜார்ஜ் வெளிப்பட்டார். இந்த இடங்களுக்காகவே ஒரு பயணம் போகலாம் என்பது என் கருத்து.

உங்களுக்கு எளிதில் எட்டக்கூடியது குளோஸ்டர்‌ஷயரின் ஃபேர்ஃபோர்டு. இடைக்காலத்தின் முடிவில் செய்த 28 வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் தொகுப்பாக அங்கே நிலைத்திருக்கின்றன. மேற்கு ஜன்னலில் இறுதித் தீர்ப்பு, அதாவது உலக முடிவில் மனிதர்கள் தீர்ப்பிடப்படும் காட்சி. அதில் உள்ள பேய்களைக் குழந்தைகள் விடாமல் பார்ப்பார்கள். வெயில் உள்ள பிற்பகலில் போங்கள், பைனாகுலரும் எடுத்துச் செல்லுங்கள். உயரத்தில் உள்ள முகங்கள் வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

வேல்ஸில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கேப்பல்' எனப்படும் சிற்றாலயங்கள் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சாராத சபைகளுடையவை. வார நாள்களில் பெரும்பாலும் பூட்டியே இருக்கும், முன்கூட்டியே தொடர்புகொள்ளுங்கள். வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயங்களை, வேல்ஸில் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் ஃபிரண்ட்லெஸ் சர்ச்சஸ்', இங்கிலாந்தில் 'சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட்' ஆகிய அமைப்புகள் பராமரிக்கின்றன. இரண்டின் இணையதளங்களிலும் திறக்கும் விவரம் கிடைக்கும்.

சென்னைக்காரராக இருந்தால் வேல்ஸின் ரெக்ஸம் நகரில் உள்ள புனித ஜைல்ஸ் ஆலயத்துக்கும் போய் வாருங்கள். 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்து, முறைகேட்டுக் குற்றச்சாட்டில் பதவியிழந்த எலிஹு யேல் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆசியாவில் மணந்தவர் என்கிறது கல்லறை வாசகம். அந்தத் திருமணம் நடந்தது கோட்டையில் இன்றும் உள்ள புனித மரியாள் ஆலயத்தில். கல்லறை வெளி முற்றத்தில் இருப்பதால், ஆலயம் திறக்காத நாளிலும் பார்க்கலாம்.