சென்னைக்கு முன் சிவகாசி

திருமங்கலத்தில் இருந்துகொண்டு கிராஃபிக் டிசைன் டிப்ளமோ முடித்ததாகவும், பேனர் கடைகள் மட்டுமே கூப்பிடுவதால் சென்னைக்குக் கிளம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தம்பி, அவசரம் வேண்டாம். முதலில் சிவகாசிக்குப் பஸ் ஏறுங்கள். காலண்டர், லேபிள், அட்டைப்பெட்டி என்று அச்சுத் தொழிலுக்குப் பேர்போன ஊர். திரையில் பளிச்சிடும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) நிறம், அச்சுக்கான சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மையில் ஏன் மங்குகிறது, வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க ஓரத்தில் ஏன் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுகிறார்கள் என்பதெல்லாம் 6 மாதம் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால்தான் புரியும். நானும் அப்படித்தான் கற்றேன். பேக்கேஜிங் வேலைக்கு அந்த அனுபவம் பெரிய பலம்.

செயலி, இணையதள வடிவமைப்பில் ஆசையென்றால் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளைப் பழகுங்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைச் சுங்குடிச் சேலைக்குத் தமிழிலேயே ஒரு விற்பனைத் தளம் வடிவமைத்து, அதை மாதிரிப் படைப்பாகக் காட்டுங்கள். சான்றிதழைவிட அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.